டெப்புக்கு மெமரி காட்: வாங்க முதல் பார்க்க வேண்டியது (நாலு ஊர் ஆக்கள் சொன்னது)

மட்டக்களப்பு:
மெமரி காட்டில பெரிசா 100, 120 எண்டு அடிச்சிருப்பது, பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில வாசிக்கிற வேகம், செக்கனுக்கு எத்தனை எம்பீ எண்டு. ஆப் போட்டுப் பாவிக்கிற ஆக்களுக்கு அது உதவாது. ஆப் திறக்கும்போது சின்னச் சின்னத் துண்டுகளாத்தான் வாசிக்கும், எழுதும். அதுக்கான குறி ஏ1, ஏ2. ஏ1 எண்டால் செக்கனுக்குக் குறைஞ்சது 1500 தரம் வாசிக்கும், 500 தரம் எழுதும். ஏ2வுக்கு 4000, 2000. ஏ2 அந்த வேகத்தைத் தர டெப்பும் அதுக்குத் தோதா இருக்க வேணும். இல்லாட்டி கூடக் குடுத்த காசு வீண். ஏ1 போதும். வீடியோ எடுக்க எண்டால் யூ3 அல்லது வி30 எண்ட எழுதுற வேகக் குறியைப் பாருங்க.

கல்முனை:
ஸ்டீம் டெக் எண்ட கையடக்க கேம் மெசின் வச்சிருக்கிறவங்க யூஎச்எஸ்-2 எண்ட வேக வகைக் காட் வாங்க வேணாம். பின்பக்கம் தகடு இரண்டு வரிசையா இருந்தா அது யூஎச்எஸ்-2. டெக்கில இருக்கிறது யூஎச்எஸ்-1, செக்கனுக்கு 100 எம்பீ அளவுதான் போகும்.

64 ஜீபீ காட் 59 எண்டு காட்டினாப் பயப்படாதீங்க. கம்பனி 1000ஆல கணக்குப் பார்க்குது, 59 காட்டுற டெப் 1024ஆல.

காத்தான்குடி:
கல்முனைக் காக்கா சொன்ன 59 சரி. ஆனால் போலிக் காட்டும் அதே 59ஐத்தான் காட்டும், அதுதான் ஆபத்து. உள்ளே இருக்கிறது 8 ஜீபீ சிப், காட்டை நடத்துற கன்ட்ரோலர் 64 எண்டு பொய் சொல்லும். 8 நிறைஞ்ச பிறகு போடுற படங்களுக்குப் பேர் மட்டும் தெரியும், திறந்தா ஒண்டும் வராது. சிலதில புதுசு பழசுக்கு மேலயே எழுதப்பட்டு, முதல் போட்டதும் போயிடும். ஃபோர்மட் பண்ணினாலும் தீராது.

காட்டை வெறுமையாக்கி, கம்பியூட்டரில போட்டு, விண்டோஸில எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில எஃப்3 எண்ட சோதனை மென்பொருளை ஓட்டுங்க. முழுக் காட்டையும் நிரப்பி, திரும்ப வாசிச்சு ஒப்பிடும். செக்கனுக்கு 20 எம்பீ எழுதுற காட்டுக்கு 64 ஜீபீ நிரப்பவே 53 நிமிசம் போகும், வாசிக்கிறது வேற. கடையில அவ்வளவு நேரம் நிற்க ஏலாது. அதனால பில்லையும் கவரையும் எறியாம, வாங்கின அண்டைக்கே வீட்டில ஓட்டிப் பாருங்க. படங்களை ஏத்துறது அதுக்குப் பிறகு.

அக்கரைப்பற்று:
ஆண்ட்ராய்ட் 6இலிருந்து காட்டை உள் நினைவகமாச் சேர்க்கிற வசதி சில டெப்பில வரும். அதைத் தெரிவு செய்தால் காட் குறியாக்கமாகி அந்த டெப்போட பூட்டப்படும். டெப் பழுதானால் காட் நல்லா இருந்தும் படங்களை எடுக்க ஏலாது. பிள்ளைகளின்ட படம் வைக்கிறதெண்டால் போர்ட்டபிள் எண்டதையே தெரிவு செய்ங்க.

கடற்கரைப் பக்கம் வீடு எண்டால் உப்புக் காத்தில தகடு மங்கிப் போகும், காட் வந்து வந்து மறையும். ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லாக் காய விட்டுப் போடுங்க.