ஓ.எல் கணிதம் போனால் ஏ.எல் கிடையாதா?

ஹட்டன்காரன்: தங்கச்சி மகளுக்கு ஓ.எல்லில் (இலங்கையில் 11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) தமிழில் ஏ, வரலாற்றில் பி, ஆனால் கணிதம் பெயிலாகிவிட்டது, அதனால் ஏ.எல் (12, 13ஆம் ஆண்டு உயர்தரம்) கலைப்பிரிவுக்குக்கூட எடுக்கப் பள்ளிக்கூடத்தில் யோசிக்கிறார்கள். கலிபோர்னியாவில் பள்ளி முடிக்கும் தகுதியைச் சட்டசபையே சட்டம் போட்டு மாற்றுகிறதாம். இங்கே யார் மாற்றுவது, மாகாண சபையா?

பதுளை வாத்தியார்: மாகாண சபை இல்லை. மாகாண சபைகளுக்கு அதிகாரம் கொடுத்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தும் பாடத்திட்டமும் தேசியப் பரீட்சையும் கொழும்பின் கையில்தான். ஏ.எல் சேரும் தகுதி அமைச்சின் சுற்றறிக்கையில் வருவது, அதற்குப் பாராளுமன்றத்தில் யாரும் கை தூக்குவதில்லை. கலிபோர்னியா 2017இல் பள்ளி முடிக்கும் பரீட்சையையே சட்டத்தால் நீக்கியது, 2024இல் பணத்தைக் கையாளும் பாடத்தைக் கட்டாயமாக்கியது, அதுவும் 2031இல் முடிக்கும் பிள்ளைகளிலிருந்துதான்.

தோட்டத்துப்பிள்ளை: அண்ணே, சட்டத்தை விடுங்க, பிள்ளையைப் பாருங்க. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்பாடப் பிரிவுக்கு ஓ.எல் சித்தி தேவையில்லை. எல்லாப் பாடசாலையிலும் இல்லை, வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். கணிதத்தை மட்டும் திரும்ப எழுதவும் செய்யலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கணித வாத்தியாரே இல்லை, அப்புறம் எப்படி பாஸ் பண்ணுவது?

ஹட்டன்காரன்: சரி, திங்கட்கிழமை வலயத்துக்குப் போய்ப் பார்க்கிறேன்.