சித்தப்பாவோட பழைய நம்பர்

சித்தப்பா: நேத்து ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. "எத்தனை தடவை போன் பண்றது, யாரோ எடுத்துத் திட்டுறான்"னு. நான் கடைல சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்!

நான்: எந்த நம்பருக்கு அடிச்சாங்களாம்?

சித்தப்பா: நெட்ல இருந்த நம்பராம். நான்தான் நெட்லயே இல்லையேம்மா

நான்: இருக்கீங்க சித்தப்பா. இப்பதான் தேடினேன். "தையல் மெஷின் ரிப்பேர்"னு போட்டு உங்க பேர், ரெண்டு வருஷம் முன்னாடி விட்ட நம்பர், கூடவே மூடின ஷட்டர் போட்டோ. லீவு நாள்ல யாரோ எடுத்திருக்காங்க

அத்தை: அப்ப ரெண்டு வருஷமா உன் கஸ்டமர்கிட்ட வேற எவனோ பேசிட்டிருக்கான் 😂

அண்ணன்: அந்த ஆள் பாவம்

சித்தப்பா: நான் கேட்காம இதை யார் போட்டது?

நான்: கூகுள் மேப்ல யார் வேணா ஒரு இடத்தைச் சேர்க்கலாம், திருத்தம் சொல்லலாம். "இது என்னுது"ன்னு நீங்க போய் உரிமை கேட்காத வரைக்கும் கண்டவங்க சொன்னதுதான் நிக்கும்

சித்தப்பா: முப்பது வருஷமா வாய்வழியாத்தான் ஆள் வருது. பூக்கடைக்கு எதுக்கு விளம்பரம்?

நான்: விளம்பரமே வேண்டாம். வாய்வழியா உங்க பேரைக் கேட்டவங்கதான் நம்பரை நெட்ல தேடுறாங்க. அந்த அம்மாவும் யாரோ சொல்லித்தானே வந்திருப்பாங்க?

சித்தப்பா: ஆமா, மாமியார் சொன்னாங்களாம்

அண்ணன்: ஒரு வெப்சைட் போட்டுடலாம். என் ஃப்ரெண்டு செய்வான்

நான்: அவசரப்படாத. முதல்ல கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதான் கூகுள்ல தேடினா வர்ற உங்க கடை விவரம். 2014-ல மை பிசினஸ்னு வந்தது, 2021-ல பேரை மாத்தினாங்க. காசு கிடையாது. கடையையும் போர்டையும் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லுவாங்க, சிலருக்குப் போன்ல சரிபார்க்க ஒரு கோட் நம்பர் வரும். அது முடிஞ்சா நம்பர், நேரம், போட்டோ எல்லாம் நீங்களே மாத்தலாம்

அண்ணன்: அதுலயே இலவசமா வெப்சைட்டும் வருமே

நான்: வந்துச்சு. 2024 மார்ச்ல நிறுத்திட்டாங்க. அடுத்தவங்க திண்ணைல மட்டும் கடை விரிச்சா அப்படித்தான். பின்னாடி வெப்சைட் போட்டாலும் டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, சித்தப்பா பேர்ல, அவர் மெயில்ல பதியணும். உன் ஃப்ரெண்டு பேர்ல பதிஞ்சுட்டு, புதுப்பிக்கிற நேரத்துல அவனை எங்க தேடுறது?

அண்ணன்: 🙄

சித்தி: இவருக்கு மெயில் பாஸ்வேர்டே தெரியாது. நான்தான் நோட்ல எழுதி வெச்சிருக்கேன்

அத்தை: ஸ்டார் போடணும்னா சொல்லு, இந்த குரூப்ல பதினெட்டு பேர் இருக்கோம்

நான்: ஐயோ அத்தை! கஸ்டமரா வராம சொந்தக்காரங்க போடுறது விதிப்படி தப்பு, தூக்கிடுவாங்க. மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது சித்தப்பாவே கஸ்டமர்கிட்ட கேட்கட்டும். யாராவது திட்டி எழுதினா கோபப்படாம ஒரு பதில். புதுசா வர்றவங்க அதைத்தான் உத்துப் படிப்பாங்க

சித்தப்பா: எல்லாரும் வாட்ஸ்அப்லதான் மெஷின் போட்டோ அனுப்புறாங்க. அது போதாதா?

நான்: நம்பர் தெரிஞ்சவங்களுக்குப் போதும். அதுலயே பிசினஸ் ஆப் 2018-லருந்து இருக்கு, மாத்திக்கோங்க. கடை மூடினப்புறம் அதுவே பதில் சொல்லும்

சித்தப்பா: சரி, எழுதிக்கோ. காலைல 10, ராத்திரி 8. மதியம் 2-லருந்து 4 தூங்குவேன், அதையும் போடணுமா?

சித்தி: அதைத்தான் முதல்ல போடணும்

சித்தப்பா: அதுக்கு முன்னாடி அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டு மன்னிப்பு கேட்கணும்மா. என்னோட பழைய நம்பர் என்ன? எனக்கே மறந்துபோச்சு

நான்: நெட்ல இருக்கு சித்தப்பா