லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்: கூடுதல் விலை எதற்காக?

சாலைப்பித்தன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் வசதி எனக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நெடுநாளாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் லிமிடெட் எடிஷன் என்று விளம்பரப்படுத்தப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை, சாதாரண மாடலைவிட முப்பதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். பெட்ரோல் டாங்கின் மேல் வரிசை எண் பொறித்த சிறு தகடு இருந்தது. எட்டு மாதம் கழித்து அதே நிறத்தில், அதே எஞ்சினோடு, தகடு மட்டும் இல்லாமல் அந்த வண்டி எல்லா ஷோரூம்களுக்கும் வந்துவிட்டது. முப்பதாயிரத்துக்குத் தகடு வாங்கியவன் என்று வீட்டில் இன்றும் கேலி செய்கிறார்கள். போர்ஷே, ஃபெராரி போன்ற நிறுவனங்கள் சில நூறு கார்களை மட்டும் செய்து யானை விலை குதிரை விலை சொல்லும்போது, வாங்குபவருக்கு உண்மையில் கிடைப்பது நல்ல காரா, இல்லை அதே தகடுதானா?

ஆறாவது கியர்

உங்களுக்கு நடந்ததேதான் போர்ஷே 911 ஆர் வாங்கிய சிலருக்கும் நடந்தது, தொகைதான் வேறு.

போர்ஷேவின் 911 வரிசையில் 2013-ல் வந்த வேக மாடலான ஜிடி3-க்கு மேனுவல் கியர் கிடையாது. க்ளட்ச் மிதித்து ஓட்டியே பழகிய ரசிகர்களுக்கு அது பெரிய மனக்குறை. 2016 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் போர்ஷே 911 ஆர் என்ற காரை இறக்கியது: ஜிடி3-யின் இன்னும் வேகமான வகையான ஜிடி3 ஆர்எஸ்ஸின் 4 லிட்டர், 500 குதிரைத்திறன் எஞ்சின், ஆறு கியர் மேனுவல், பின்னால் பெரிய இறக்கை இல்லை, மக்னீசியக் கூரை, எடை 1,370 கிலோ. எடையைக் குறைக்கக் கதவின் உள்பக்கம் கைப்பிடிக்குப் பதில் துணிப் பட்டை வைத்தார்கள். ஏசியையும் ரேடியோவையும்கூடக் கேட்டால்தான் பொருத்தினார்கள். மொத்தம் 991 கார்கள் மட்டும். அமெரிக்காவில் பட்டியல் விலை 1,84,900 டாலர்.

அந்த விலை பெரும்பாலானோருக்கு ஏட்டளவில்தான் இருந்தது. ஏற்கெனவே போர்ஷேவின் 918 ஸ்பைடர் காரை வாங்கியிருந்தவர்களுக்கே முதல் வாய்ப்பு தரப்பட்டது. அந்தக் காரின் விலையோ எட்டு லட்சம் டாலருக்கு மேல். மற்றவர்கள் இரண்டாம் கையில்தான் வாங்க வேண்டியிருந்தது, அங்கே பட்டியல் விலையைப்போல் பல மடங்கு கேட்டார்கள்.

மறு ஆண்டே, அதே ஜெனீவாவில், புதிய ஜிடி3 மேனுவல் கியரோடு வந்தது. 2017 செப்டம்பரில் இறக்கையையும் எடுத்துவிட்டு டூரிங் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். அதே 4 லிட்டர், அதே 500 குதிரைத்திறன், விலை 1,43,600 டாலர், எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. 911 ஆர் காருக்குக் கேட்ட விலைகள் இறங்கின.

இதில் போர்ஷேவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 991-க்கு மேல் ‘ஆர்’ செய்யமாட்டோம் என்றார்கள், செய்யவில்லை. அதைப்போன்ற கார் ஒன்றை இனிச் செய்யவே மாட்டோம் என்று அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பட்டியல் விலைக்கு வாங்கியவருக்கு நல்ல கார் கிடைத்தது, முதலும் போகவில்லை. அந்த எழுதாத வாக்குறுதியை நம்பி இடைத்தரகரிடம் பல மடங்கு கொடுத்தவர்தான் உங்களைப்போலத் தகடு வாங்கியவர்.

பழைய எஞ்சின்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண்ணிக்கை குறைவாக இருந்தால் விலை ஏறும் என்பதே அரைகுறை உண்மை. 1987-ல் ஃபெராரி எஃப்40 வந்தபோது நானூறு கார்கள் அளவில்தான் செய்வதாக இருந்தது. முடிவில் 1,300-க்கு மேல் செய்துவிட்டார்கள். ஜாகுவார் எக்ஸ்ஜே220 மொத்தமே 280 சொச்சம்தான். இன்று எஃப்40 ஏலத்தில் இருபது லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. ஜாகுவாரோ அதில் நான்கில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கிறது.

காரணம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. 1988-ல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட மாதிரியைக் காட்டிய ஜாகுவார், பின்னர் 50,000 பவுண்டு முன்பணம் வாங்கியது. 1992-ல் கைக்கு வந்த காரிலோ ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின், பின்சக்கர இயக்கம் மட்டும். விலையும் நான்கு லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. இடையில் பொருளாதார மந்தம் வேறு வந்துவிடவே, லாபத்துக்கு விற்கலாம் என்று பதிவு செய்தவர்கள் ஒப்பந்தத்திலிருந்து விடுபட நீதிமன்றம் வரை போனார்கள். காரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அன்றைக்கு அதை மிஞ்சி ஓடும் கார் அரிது. ஆனால் அந்த மனக்கசப்பு அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எஃப்40-ஐ அருகில் போய்ப் பார்த்தால், எடைக்காகப் பூச்சை எவ்வளவு மெல்லிதாக அடித்தார்கள் என்றால், சிவப்புக்கு அடியில் கார்பன் இழைகளின் நெசவு தெரியும். கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறுதான். நிறுவனர் என்ஸோ ஃபெராரி உயிரோடிருந்தபோது வெளிவந்த கடைசி ஃபெராரி அது. மக்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள், எண்ணிக்கையை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

முதல் காட்சி

முதல் நாள் டிக்கெட்டைக் கவுண்டர் விலைக்கு வாங்கிப் பிளாக்கில் விற்பவர்களை நாம் பார்த்ததில்லையா? இதுவும் அதே கதைதான். ஃபோர்டு தன் ஜிடி காரை வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகள் விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டு, அதை மீறியதாக 2017-ல் மல்யுத்த வீரர் ஜான் சீனா மீதே வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு சமரசமாக முடிந்தது. போர்ஷேவும் பாடம் கற்றுக்கொண்டு, 2023-ல் 1,963 கார்கள் மட்டும் செய்வதாக அறிவித்த 911 எஸ்/டி-யை அமெரிக்காவில் முதல் ஓராண்டுக்குக் குத்தகைக்குத்தான் கொடுத்தது. தன் பெயரில் இல்லாத காரை எப்படி விற்பது?

சாலைப்பித்தன்

மூவருக்கும் நன்றி. அப்படியானால் பட்டியல் விலைக்கே கிடைத்து, விற்கும் எண்ணமும் இல்லாதவருக்கு இது நியாயமான விலைதானா?

பழைய எஞ்சின்

ஓட்டுவதாக இருந்தால் நியாயம்தான். ஆனால் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை குறையும் என்பதால் பலர் துணி போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள், மூடி வைத்தாலும் செலவு நிற்பதில்லை. எஃப்40-யின் பெட்ரோல் டாங்கிற்குள் இருக்கும் ரப்பர் பைகளை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எஞ்சினின் டைமிங் பெல்ட்டும் அப்படியே. யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். அதன் மேல் ஒரு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டாமா?

சாலைப்பித்தன்

என் வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. டாங்க் கவர் உரசி உரசித் தகட்டில் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்துவிட்டன. என்ன எண் என்பதே இப்போது எனக்கு நினைவில்லை.