மறு: ஒமென்ரல் ரோர்ஷன் – 'கொழுப்புத்திரை முறுக்கம்' எனலாமா?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

'ஒமென்ரல் ரோர்ஷன்' என்பது, வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்பு மடிப்பு (ஒமென்ரம்) முறுக்கிக்கொள்ளும் நோய். நோயாளியின் சம்மதப் படிவத்துக்கு அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் வந்த 'வபை முறுகல்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. முறுகல் என்றதும் பத்திரிகையில் வருகிற 'முறுகல் நிலை'தான் எங்கள் ஆட்களுக்கு நினைவுவரும். ஒமென்ரத்துக்கு வபை என்பதை மூதூரிலோ கிண்ணியாவிலோ சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் விளங்காது. 'ஒமென்ரம்' என்று வாட்டில் நாங்கள் பேசிக்கொள்வோம். படிவத்தில் கையெழுத்து வைக்கிறவருக்கு அது போதாது.

திருகோணமலையில் ஒரு மீனவர் வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். சத்தி இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. குடல்வளரி அழற்சி (அப்பெண்டிசைற்றிஸ்) என்றே வயிற்றைத் திறந்தார்கள். குடல்வளரியில் ஒரு சிவப்பும் இல்லை, ஆனால் உள்ளே இரத்தம் கலந்த நீர். அப்படிக் கண்டால் கை மேலே தேடிப் போகவேண்டும். இரைப்பையிலிருந்து குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்பு மடிப்பின் வலது ஓரம் தன் காம்பிலேயே முறுக்குண்டு, இரத்தம் ஓடாமல் கறுத்துக் கிடந்தது. காம்பைக் கட்டி, அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். வெளியே நின்ற மனைவியிடம் யாரோ 'குடல் முறுக்கு' என்று சொல்லிவிட்டார்கள். "குடல வெட்டிட்டீங்களா?" என்று அழத் தொடங்கிவிட்டா. குடலில் கத்தியே படவில்லை.

ஆகவே அண்ணா, நீங்கள் சொன்ன 'குடல்மடிப்பு முறுக்கு' வேண்டாம். குடல் முறுக்கிக்கொள்வது வேறு நோய், குடலே அழுகிவிடலாம். கொழுப்பு மடிப்பு மட்டும் முறுக்குண்ட இந்த நோயில், சீ.ரி. ஸ்கானில் கொழுப்புக்குள் சுழி தெரிந்து, ஆளும் தெம்பாக இருந்தால், சிலரை வலி மருந்தோடு வைத்துப் பார்க்கலாம். வலி கூடினால் லப்பரஸ்கோப் (சிறு துளைவழிக் கமரா) மூலம் எடுத்துவிடலாம்.

'கொழுப்புத்திரை முறுக்கம்' என்பது என் முன்மொழிவு. 'நிணத்திரை' கேட்க அழகுதான், ஆனால் நிணநீரோடு குழம்பும். 'முறுக்கம்' என்று நிலைநிறுத்தினால் சூலக முறுக்கம், விதை முறுக்கம் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும். 1899இல் ஐற்றெல் என்ற மருத்துவர் விவரித்ததுபோல் வேறு காரணமின்றி வருவது 'தன்முறுக்கம்'. குடலிறக்கம், கட்டி, பழைய சத்திரசிகிச்சையின் ஒட்டு இவற்றால் வருவது 'சார்முறுக்கம்'. ஸ்கானில் தெரிவதைச் 'சுழிக்குறி' என்போம்.

திரையா மடிப்பா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பெயருக்குள் 'குடல்' மட்டும் வரக்கூடாது. சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவை நாளை அனுப்புகிறேன். ரீச்சர், சந்திப்பிழை பார்த்துத் தாருங்கள்.