அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது

அச்சுக்கோப்பாளன் (கொக்குவில்):

பதினெட்டு ஆண்டுகளாகக் கல்வெட்டு வடிவமைக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வரி: ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி முடிந்து வீட்டுக்கிருத்தியத்துக்கு வருபவர்களின் கையில் கொடுக்கும் நினைவு நூலுக்கும் எங்கள் ஊரில் கல்வெட்டு என்றுதான் பெயர். பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, குடும்பப் படங்கள், கடைசியில் நன்றி நவிலல். கலியாணத்தைக்கூடப் பின்போடலாம். முப்பத்தோராம் நாளை யாரும் பின்போட முடியாது.

சென்ற மாதம் 48 பக்கத்தில் ஒரு கல்வெட்டு. இரவு பதினொரு மணிக்கு இறுதிப் பிழைதிருத்தம் முடிந்தது. ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டுவிட்டது என்று கனடாவில் இருந்து மகன் செய்தி அனுப்பினார். விடியச் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பலாம் என்று கணினியை அணைக்காமல் படுத்தேன். நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால், இயங்குதளம் தன்பாட்டில் புதுப்பித்து மறுதொடக்கம் செய்திருந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளும் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. கோப்பைத் திறந்தேன். அட்டையில் 'தோற்றம்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. இறந்தவரின் பிறந்த திகதிக்கு மேலே, அந்தக் கோலத்தில். உள்ளே வரிகள் குழம்பி 48 பக்கம் 50 ஆகியிருந்தது. நடுவில் கம்பி அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். 50 பக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மதியம் இரண்டு மணி வரை ஒவ்வொரு பக்கமாகக் கொம்பையும் காலையும் தேடித் திருத்தினேன். அச்சகத்துப் பெடியன்கள் இரவு முழுவதும் கண்விழித்தார்கள். குடும்பத்தார் கீரிமலையில் கிரியை முடித்து வீடு திரும்பிய நேரத்தில்தான் 300 பிரதிகளும் மை மணத்தோடு போய்ச் சேர்ந்தன.

என் தொழிற்கருவியை என்னைக் கேளாமல் மாற்றும் உரிமையை யார் கொடுத்தது? இனி இணையக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்யப்போகிறேன். புதுப்பிப்பே வேண்டாம் என்பது என் முடிவு. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கணினி திருத்துபவன் (நெல்லியடி):

அண்ணை, உங்கள் துன்பம் உண்மை. ஆனால் முடிவு பிழை. முழுப் பிழை.

2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களின் கணினிகளில்தான் அது பரவியது. இது எங்கோ தூரத்தில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். இதே வகைத் தீநிரல் பூட்டிய ஒரு ஸ்ரூடியோக் கணினியை என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வருடக் கலியாணப் படங்கள். உரிமையாளர் கதிரையில் இருந்துகொண்டு, "ஒரு சோடியின் படத்தையாவது எடுத்துத் தா தம்பி" என்று கேட்டார். என்னால் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. அவரும் கம்பியைக் கழற்றி வைத்தவர்தான். தீநிரல் வந்தது பென்டிரைவில். உங்களுக்கும் அச்சகத்துக்கும் இடையில் பென்டிரைவ் போய் வருகிறதா, இல்லையா?

கொம்பு பின்னால் போனதற்கு வருகிறேன். இத்தகைய மென்பொருளில் பத்தியைக் கோப்பதற்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று லத்தீன் எழுத்துக்கு. மற்றது தமிழ், அரபு போன்ற எழுத்துகளுக்கு. எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் 'தோ' என்பது முதலில் 'த', அதன் பின் ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது கோக்கும் இயந்திரத்தின் வேலை. புதிய பதிப்பு உங்கள் தெரிவுகளை அழித்து லத்தீன் வழிக்குத் திரும்பியிருக்கும். அந்தத் தெரிவை மாற்றியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இயங்குதளத்தின் புதுப்பிப்பையும் அமைப்புகளுக்குள் சென்று 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். மரணத்திலிருந்து அந்தியேட்டிக்கு 31 நாள்தானே? கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

அச்சுக்கோப்பாளன் (கொக்குவில்):

தம்பி, ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு, அச்சகம் காத்திருக்க, எனக்கு எப்படித் தெரியும்? நேற்றுவரை வேலை செய்த தெரிவை இன்று அழித்தவர்கள் ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா?

35 நாள் கணக்கும் பொருந்தாது. எனக்கு ஒரு மரணம் மட்டும் வருவதில்லை. ஒன்றின் அந்தியேட்டி முடியுமுன் அடுத்த வீட்டில் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து ஆள் வந்துவிடும். 35 நாள் முடிந்ததும் மறுபடி நிறுத்த வேண்டுமென்றால் முதலில் புதுப்பித்தே ஆக வேண்டும். அந்த நாள் யாருடைய கல்வெட்டின் மேல் விழும்?

புதுப்பிப்பு பாதுகாப்பு என்கிறீர்கள். 2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பில் இருந்த பிழையால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. விமானங்கள் பறக்கவில்லை. உடனுக்குடன் புதுப்பித்தவர்கள்தான் அன்று விழுந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாமினி எழுத்துருவில் வேலை செய்த காலத்தில் கொம்பு ஒருநாளும் இடம் மாறியதில்லை. கொம்பை முதலில் தட்டுவோம், பிறகு தகரம், பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் கைக்கும். யுனிகோடுக்கு மாறுங்கள், அதுதான் எதிர்காலம் என்று எல்லோரும் சொன்னீர்கள். மாறினேன். தோற்றம் உடைந்தது.

பேத்தி (ஸ்காபரோ):

ஐயா, உங்கள் தொழிலை நான் மதிக்கிறேன். என் தாத்தாவின் கல்வெட்டை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் பாமினியைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

எங்கள் குடும்பத்தின் வம்சாவளியை மூன்று வருடமாகச் சேர்த்து வருகிறேன். அதற்கு எனக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சான்று உறவினர்களின் கல்வெட்டுகள்தான். யார் யாருக்கு மகன், எந்தக் குறிச்சி, யார் மலாயாவுக்குப் போனார் என்பது அவற்றில் மட்டுமே இருக்கிறது. பாமினியில் செய்த பிடிஎஃப் கோப்புகளை உறவினர்கள் அனுப்புகிறார்கள். கண்ணால் வாசிக்கலாம். ஆனால் 'புங்குடுதீவு' என்று தேடினால் ஒன்றும் வராது. படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை விழுகிறது. ஏனென்றால் கணினிக்கு அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். 2005இலிருந்து 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் எங்கள் நூல்களையும் மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். அதற்குள் இருக்கும் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டாமா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயில் இழந்த ஊரின் பிள்ளைகள் நாங்கள். இருப்பதையாவது தேடக்கூடியதாக வைத்திருங்கள்.

வெளிச்சம் (சுன்னாகம்):

நான் படம் பிடிக்கிறவள். பூப்புனித நீராட்டு விழா, கலியாணம், கோயில் திருவிழா. என் பிரச்சினை அண்ணையுடையதற்கு நேர் எதிர்.

போன வருடம் கடன்பட்டுப் புதிய கமரா வாங்கினேன். அதன் மூலக்கோப்புகளை (RAW) என் பழைய மென்பொருள் திறக்காது. நிரந்தர உரிமத்தோடு வாங்கிய மென்பொருள். அந்தப் பதிப்புக்கு இனிப் புதுப்பிப்பே வராது. புதியது வேண்டுமென்றால் மாதச் சந்தா, அதுவும் டொலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. என் மணப்பெண்கள் ரூபாயில்தான் தருகிறார்கள். ஒரு மாதம் சந்தா கட்டத் தவறினால், நானே நிறம் திருத்திய படங்களை நானே மறுபடி திருத்த முடியாது. வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்ட வீட்டு வாசலில் சாமான்களோடு நிற்பது போன்ற நிலை.

ஆகவே புதுப்பிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை. வேண்டும் என்று சொல்லக் காசு இல்லை.

கணினி திருத்துபவன் (நெல்லியடி):

அக்கா, சந்தா விடயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இலவசத் திறமூல மென்பொருட்கள் பல மூலக்கோப்புகளைத் திறக்கின்றன. டார்க்டேபிள் என்பதைப் பாருங்கள். கைபழக ஒரு மாதம் பிடிக்கும். தை மாதம் கலியாணங்கள் குவியுமுன் தொடங்குங்கள்.

அண்ணைக்கு: கிரவுட்ஸ்ட்ரைக் விழுத்திய கணினிகளில் அந்தப் பிழைக் கோப்பை அழித்ததும் பெரும்பாலானவை எழுந்தன. தரவு அங்கேயே இருந்தது. என் மேசைக்கு வந்த ஸ்ரூடியோவின் தரவு இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஈய எழுத்து (வண்ணார்பண்ணை):

பிள்ளைகளே, நான் கணினியில் வேலை செய்தவன் அல்லன். நாற்பது வருடம் எழுத்துக் கோத்தவன். பேரன் கைபேசியில் இதை வாசித்துக் காட்டினான். நான் சொல்வதை அவனே தட்டுகிறான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. காலால் மிதிக்கும் இயந்திரத்தில் கல்வெட்டு அடித்தோம். தாள் கிடைக்காதபோது அப்பியாசக் கொப்பித் தாளில் அடித்தோம். முப்பத்தோராம் நாள் தவறவில்லை.

மாற்றம் அப்போதும் வந்தது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. தும்பிக்கை வைத்த பழைய லை, ணை, னை போய் இப்போது நீங்கள் எழுதும் வடிவம் வந்தது. எங்கள் அச்சகத்தில் உடனே மாறவில்லை. இருந்த ஈயம் தேயும் வரை பழையதையே கோத்தோம். புதிய எழுத்து வாங்கியபோது மாறினோம். நாங்கள் மாற்றத்தை எதிர்த்தவர்கள் அல்லர். மாறும் நாளை அச்சகம் குறித்தது. இரவில் யாரும் வந்து தட்டில் இருந்த லையைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டுப் போகவில்லை. கொக்குவில் தம்பியின் கோபம் அதுதான் என்று நினைக்கிறேன். அது நியாயமான கோபம்.

கணினி திருத்துபவன் (நெல்லியடி):

ஐயா, வணக்கம். நீங்கள் சொன்ன கதையை என் கடைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒன்று: உங்கள் ஈயத் தட்டை எவனும் கடல் கடந்து வந்து பூட்டிவிட்டுப் பணம் கேட்டதில்லை. இன்றைய தட்டு இணையத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. தேயும் வரை காத்திருக்கும் வசதி போய்விட்டது.

அச்சுக்கோப்பாளன் (கொக்குவில்):

ஐயா, நன்றி. நான் பல பத்தியில் சொல்ல முயன்றதை நீங்கள் ஒரு லையில் சொல்லிவிட்டீர்கள்.

பேத்திக்கு முதலில் பதில். பிள்ளை, நீர் எழுதியதை வாசித்த பிறகு என் பழைய இறுவட்டுகளை எடுத்துப் பார்த்தேன். குருவிடமிருந்து வந்த தொண்ணூறுகளின் இறுதிக் கோப்புகளும் அவற்றில் உண்டு. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை, எல்லாம் பாமினி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இன்றைய மென்பொருட்கள் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. கொம்பு இடம் மாறவில்லை என்று பெருமையாக எழுதினேன். கோப்பே திறக்காவிட்டால் கொம்பு எங்கே நின்றால் என்ன? பாமினியைப் பற்றிச் சொன்னதை மீளப் பெறுகிறேன். யுனிகோடில்தான் தொடர்வேன்.

ஆனால் நெல்லியடித் தம்பிக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேறு, கருவியின் கைப்பிடியை மாற்றும் புதிய பதிப்பு வேறு. திருடன் வருவான் என்று கதவுக்குப் பூட்டுப் போடுங்கள், மறுக்கவில்லை. பூட்டுப் போட வந்தவர் அடுப்பையும் இடம் மாற்றிவிட்டுப் போனால் சமைக்கிறவள் கேட்கத்தான் செய்வாள்.

கணினி திருத்துபவன் (நெல்லியடி):

அதை மறுக்க மாட்டேன் அண்ணை. இந்த இரண்டையும் பிரிக்கலாம் என்றுதான் நானும் சொல்ல வந்தேன். கோபத்தில் சரியாகச் சொல்லவில்லை. இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களைப் போடுங்கள். வடிவமைப்பு மென்பொருளின் தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதற்குத் தனி ஆளி உண்டு. புதிய பதிப்பை நிறுவினாலும் பழையதை அகற்றாமல் இரண்டையும் அருகருகே வைத்திருங்கள். தொடங்கிய வேலையை, தொடங்கிய பதிப்பிலேயே முடியுங்கள். பத்தி கோக்கும் தெரிவைச் சரியாக வைத்த வெற்றுக் கோப்பு ஒன்றைச் சேமித்து, ஒவ்வொரு கல்வெட்டையும் அதிலிருந்து தொடங்குங்கள். வெளி வன்தட்டில் இரவுக்கு ஒரு பிரதி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். கம்பி கழற்றும் ஆசை உங்களுக்கு இருந்தால் அதைக் கழற்றுங்கள்.

பேஜ்மேக்கர் இறுவட்டுகளைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். இணையம் இல்லாத பழைய கணினி ஒன்று இதற்காகவே மூலையில் இருக்கிறது.

பேத்தி (ஸ்காபரோ):

திறந்தால் எனக்கும் சொல்லுங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் நிரல்கள் இருக்கின்றன. மாற்றியபின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆள் வேண்டும். நான் இருக்கிறேன்.

அச்சுக்கோப்பாளன் (கொக்குவில்):

நாட்காட்டியைப் பார்த்தேன். கையில் மூன்று கல்வெட்டுகள் இருக்கின்றன. இரண்டாவதன் அந்தியேட்டிக்கும் மூன்றாவது அச்சுக்குப் போகும் நாளுக்கும் இடையில் நான்கு நாள் கிடைக்கிறது, 12ஆம் திகதியிலிருந்து 15 வரை. புதுப்பிப்பை அதில் முதல் நாளில் போடுகிறேன். மிச்ச மூன்று நாளும் கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு. 13ஆம் திகதி காலை இறுவட்டுகளோடு நெல்லியடிக்கு வருகிறேன், தம்பி. பதினொன்று இருக்கின்றன. இரண்டில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அவற்றையும் கொண்டுவருகிறேன்.