கலைச்சொல் உதவி: எல்சிடியின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னப் பலகை

தஞ்சாவூர் ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஒரு மின்னணுப் பட்டறை நடத்துகிறோம். அதற்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முக்கால்வாசி எழுதிவிட்டேன். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாடம் இதுதான்: 16×2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் சிறுதிரை) ஒன்றைக் கணினியோடு இணைத்து, கணினியில் தட்டும் வரியை அதில் தெரிய வைப்பது. நடுவில் ஒரு அர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை). கணினியிலிருந்து அதற்கு யுஎஸ்பி கேபிள், அதிலிருந்து எல்சிடிக்கு நான்கே கம்பி: மின்சாரத்துக்கு 5 வோல்ட், கிரவுண்டு; செய்திக்கு எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு). எல்சிடிக்கு உண்மையில் 16 கால்கள். நான்கு கம்பியில் காரியம் முடியக் காரணம், அதன் பின்புறத்தில் சால்டர் செய்து வரும் ஒரு குட்டிப் பலகை. அதை ஆங்கிலத்தில் பேக்பேக் என்கிறார்கள். தமிழில் என்ன எழுதலாம்?

மற்றவற்றுக்குச் சொல் இருக்கிறது. டிஸ்ப்ளேக்குச் சிறுதிரை, டிரைவருக்கு இயக்கி, இன்டர்ஃபேஸுக்கு இடைமுகம், பஸ்ஸுக்குப் பாட்டை. (பாட்டையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் பாட்டியைத் தேடுவார்கள், பரவாயில்லை.) இது ஒன்றுதான் பாக்கி. விரைவாகச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

சென்னை நண்பர்:

சார், எதற்கு வீண் வேலை? ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் போய்ப் பேக்பேக் என்று கேட்டால் ஸ்கூல் பையா என்பார்கள். அங்கே அதன் பெயர் ஐ2சி மாட்யூல் (ஐ2சி என்பது இரண்டே கம்பியில் தரவு அனுப்பும் முறை). அது ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தால் 'ஐ2சி வைத்த டிஸ்ப்ளே'. நம் ஊரில் யாரும் புழங்காத ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் ஏன் தமிழ் தேட வேண்டும்? 'ஐ2சி மாட்யூல்' என்று தமிழ் எழுத்தில் போடுங்கள். பையன் கடைக்குப் போனால் பொருளோடு திரும்பி வருவான்.

மதுரைப் புலவர் ஐயா:

கடைக்காரர் சொல்வதெல்லாம் கலைச்சொல் ஆகிவிட்டால் இந்தக் குழுவுக்கு வேலை இல்லை. 1916ஆம் ஆண்டிலேயே இராஜாஜி போன்றோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடைத்தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதவா தொடங்கினார்கள்?

பேக்பேக் என்பதற்குத் தமிழ் புதிதாகப் படைக்கவே வேண்டாம். இருக்கிறது. புறநானூறு 206: அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டிக்க, ஔவையார் வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டு கிளம்பும் பாட்டு. யாழ் முதலான கலங்களைக் காவிக்கொண்டோம், கலப்பையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டோம் என்கிறார். இங்கே கலப்பை என்பது உழும் கருவி அன்று. கலம் + பை = கலப்பை, அதாவது இசைக்கருவிகளை இட்டுச் சுமக்கும் பை. கருவியைத் தாங்கி முதுகில் ஏறும் பைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உலகில் எந்த மொழியில் உண்டு? ஆகவே, கலப்பைப் பலகை.

கோவைப் பொறியாளர்:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் 'எல்சிடியின் பின்புறம் கலப்பையைப் பொருத்துக' என்று கையேட்டில் இருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் டிராக்டர் கடைக்குப் போய்விடுவார்கள்.

என் கருத்து வேறு. ஒரு பொருளுக்கு அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டக் கூடாது, செய்யும் வேலையை வைத்துச் சூட்ட வேண்டும். அந்தப் பலகையில் இருப்பது பெரும்பாலும் பிசிஎஃப்8574 என்ற சில்லு. இரண்டு கம்பியில் வரிசையாக வரும் பிட்டுகளை வாங்கி, எட்டுக் கால்களில் ஒரே நேரத்தில் பரப்பி வைக்கும். அந்த எட்டில் நான்கு, எழுத்தைக் கொண்டுபோகும் தரவுக் கால்கள். மற்ற நான்கும் ஆர்எஸ், ஆர்டபிள்யூ, ஈ என்ற கட்டுப்பாட்டுக் கால்களுக்கும் பின்விளக்குக்கும். எழுத்தொன்றின் 8 பிட்டையும் நான்கு நான்காக இரண்டு தவணையில் அனுப்புவதால் நான்கு தரவுக் கால் போதும். இரண்டு கம்பி என்பதுதான் சாரம். 1982ல் பிலிப்ஸ் ஐ2சி பாட்டையைக் கொண்டுவந்ததே கம்பியைக் குறைக்கத்தான். எனவே ஈரிழைப் பலகை.

சென்னை நண்பர்:

ஈரிழை என்றால் துண்டுதானே அண்ணா? ஈரிழைத் துண்டு. உங்கள் பக்கத்துச் சரக்குதான்.

கோவைப் பொறியாளர்:

ஆமாம். அதனால் என்ன, இழை வலுவாக இருக்கும். இருந்தாலும் உறுத்துகிறது என்றால் 'கம்பிச்சுருக்கி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

புலவர் ஐயா அந்த வரியில் பையைப் பிடித்துக்கொண்டு வினையை விட்டுவிட்டார். ஔவையார் கலத்தைக் 'காவினார்' என்றல்லவா வருகிறது? காவுதல் என்றால் தோளில் சுமத்தல். கா என்பது இரு முனையிலும் பாரம் தொங்கும் தண்டு. காவடியும் அதிலிருந்து வந்ததுதான். தமிழகத்தில் இந்த வினை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது போலிருக்கிறது. எங்களுக்கு அது இன்றும் வீட்டுச் சொல். தண்ணீர் வாளியையும் காவுவோம், பிள்ளையையும் காவுவோம். எங்கள் பாடப்புத்தகத்தில் நோயைப் பரப்பும் நுளம்பு (உங்கள் கொசு) 'நோய்க்காவி'. அதே முறையில் இது காவி, அல்லது காவிப் பலகை. செய்தியையும் காவுகிறது, எல்சிடியோடும் காவுண்டு போகிறது. கோவை நண்பர் கேட்ட தொழிலும் வந்துவிட்டது, இடமும் வந்துவிட்டது.

மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து நூல்களும் வெளியிட்டவர். உடம்பின் உள்ளுறுப்பு அத்தனைக்கும் சொல் கண்டவர்களுக்கு ஒரு பலகை பெரிய காரியமில்லை.

சென்னை நண்பர்:

காவி வேண்டவே வேண்டாம். இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான், அதுவும் ஒரு நிறம். அரசுப் பள்ளியில் 'காவியைப் பொருத்துக' என்று அச்சடித்துக் கொடுத்தால் ஆசிரியர் விளக்கம் எழுதிக் கொடுத்தே ஓய்ந்துபோவார்.

நெல்லை மொழிபெயர்ப்பாளர்:

சிரித்து முடியவில்லை. ஆனால் காவி நல்ல சொல். நிறத்தின் பெயரால் அதை இழப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொதி என்று ஒருவர் எனக்குத் தனி மடலில் எழுதினார். கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்பில் பேக்கேஜுக்குப் பொதி என்று எப்போதோ எழுதத் தொடங்கிவிட்டோம். இந்தப் பாடத்திலேயே 'எல்சிடிக்கான பொதியை நிறுவுக' என்று ஒரு படி வருமே, இரண்டு பொதியும் மோதும்.

விளையாட்டாக ஒன்று: உப்புமூட்டை. குழந்தையை முதுகில் ஏற்றிக்கொள்வதை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். உப்புமூட்டைப் பலகை என்றால் எந்தப் பிள்ளைக்கும் அது எங்கே இருக்கிறது என்று விளக்கவே வேண்டாம். இது அதிகப்படி என்றால், முதுகுப்பலகை. அழகில்லை, ஆனால் புரியும்.

மதுரைப் புலவர் ஐயா:

முதுகுப்பலகை என்று பகர ஒற்று எப்படி வந்தது? முதுகு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமையில் அதன்முன் வல்லினம் மிகாது என்பது நன்னூல். வரகு கதிர் என்போம், வரகுக்கதிர் என்னோம்.

நெல்லை மொழிபெயர்ப்பாளர்:

முதுகுத்தண்டு என்று எல்லா மருத்துவரும் எழுதுகிறார்களே ஐயா?

மதுரைப் புலவர் ஐயா:

மருத்துவர் எழுதினால் இலக்கணமாகிவிடுமா? சரி, முதுகின்கண் பொருத்திய பலகை என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டால் மிகலாம். ஆனால் பொருள்? பெஞ்சில் சாய்ந்துகொள்ளும் பலகைதான் எனக்குத் தோன்றுகிறது.

திருச்சிக் கல்லூரி மாணவர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பலகைக்குத் தமிழ்ப் பெயர் வைக்கிறோம், அந்தத் திரையில் தமிழ் தெரியுமா? நான் பைத்தான் நிரலில் பைசீரியல் என்ற நிரலகம் வழியாக 'தமிழ்' என்று அனுப்பினேன். முதலில் கிரேக்க ஆல்பா, அடுத்து ஒரு ஜப்பானிய எழுத்து, அப்புறம் என்னென்னவோ வருகிறது. பலகை பழுதா?

கோவைப் பொறியாளர்:

பழுதில்லை தம்பி. அந்தத் திரையை இயக்கும் சில்லு ஹிட்டாச்சியின் எச்டி44780, அல்லது அதன் நகல். கடைகளில் அதிகம் கிடைப்பதன் நினைவகத்தில் ஆங்கிலமும் கதகானாவும் கொஞ்சம் கிரேக்கமும் உண்டு. தமிழ் கிடையாது. கணினி எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறி, ஆக 15 பைட். திரையோ ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 16 கட்டத்தில் 15 நிறைந்துவிடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றே என்பதால்தான் ஆல்பா திரும்பத் திரும்ப வருகிறது.

நாமாக எழுத்து வரைந்து ஏற்ற 8 இடம் உண்டு, ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. த, ழ் ஆகியவற்றை அடக்கிவிடலாம். மி கொஞ்சம் திணறும். ணை, கூ எல்லாம் ஒரு கட்டத்தில் நிற்காது. இரண்டு கட்டத்தில் பரப்பினால் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கொம்பை ஒடித்துவிடும். தமிழ்தான் வேண்டும் என்றால் எஸ்எஸ்டி1306 சில்லு உள்ள 128×64 புள்ளி ஓஎல்இடி திரை வாங்குங்கள். மொத்தம் 1024 பைட் படம்தான், எந்த எழுத்தையும் வரைந்து அனுப்பலாம்.

ஆசிரியருக்கு ஒன்று. கணினியில் போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ஒருமுறை தன்னை மறுபடி தொடங்கிக்கொள்ளும். ஓரிரு நொடி பொறுத்துத்தான் வரியை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதல் வரி காணாமல் போகும், பிள்ளைகள் கம்பியைப் பிடுங்கத் தொடங்குவார்கள். மேல் வரியில் வெறும் கறுப்புக் கட்டம் மட்டும் தெரிந்தால் திரைக்கு மின்சாரம் வந்துவிட்டது, கட்டளை வரவில்லை என்று பொருள். ஒன்றுமே தெரியாவிட்டால் முதலில் பின்னால் உள்ள நீலப் பெட்டியின் திருகைத் திருப்பிப் பாருங்கள், அது கான்ட்ராஸ்ட். நிரலில் பலகையை அழைக்க ஒரு முகவரி எண் வேண்டும்; சில பலகைகளுக்கு அது பதினாறடிமான எண்ணில் 27, பிசிஎஃப்8574ஏ இருந்தால் 3எஃப். இரண்டையும் கையேட்டில் போட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் மாணவர்கள் தடுக்கி விழுவது சொல்லில் அல்ல, இந்த முகவரியில்.

சென்னை நண்பர்:

அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

மதுரைப் புலவர் ஐயா:

கான்ட்ராஸ்ட் என்றே விட்டுவிட்டீர்களே. வேறுபாடு? பொலிவு வேற்றுமை? தனி இழை தொடங்கட்டுமா?

தஞ்சாவூர் ஆசிரியர்:

ஐயா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தொடங்குங்கள், கோடி புண்ணியம்.

எல்லா மடலையும் படித்தேன். எங்கள் பள்ளியில் இரண்டு பையன்களிடம் கேட்டும் பார்த்தேன். கலப்பைக்குச் சிரித்தார்கள். ஈரிழைக்கு அர்த்தம் கேட்டார்கள். உப்புமூட்டை என்றதும் ஒருவன் மற்றவன் முதுகில் ஏறிவிட்டான், சொல் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் தலைமையாசிரியர் ஒப்ப மாட்டார். கையேட்டில் முதுகுப்பலகை என்றே போகிறது. முதல் முறை வரும் இடத்தில் 'கடையில் ஐ2சி மாட்யூல் என்று கேட்கவும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். முகவரி, திருகு, பொறுக்க வேண்டிய நொடி எல்லாம் ஒரு பெட்டிச்செய்தியாகப் போகின்றன. கோவை அண்ணனுக்கு நன்றி.

நெல்லை மொழிபெயர்ப்பாளர்:

எனக்குச் சம்மதம். நம் பொதுக் கலைச்சொல் களஞ்சியத்தில் சேர்க்கும்போது 'பரிந்துரை' என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.

கோவைப் பொறியாளர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. நாளைக்கு அந்தப் பலகையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து நான்கு கம்பி நீட்டி இணைத்தால் அப்போதும் அது முதுகுப்பலகைதானா என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நீங்கள் முதுகுப்பலகை என்று அச்சடியுங்கள். இங்கே நான் பிள்ளைகளுக்குக் காவி என்றே படிப்பிக்கிறேன், ஒருவரும் நிறத்தைக் கேட்கவில்லை. களஞ்சியத்தில் இரண்டையும் போடுவீர்களா?