‘ஃபைனல் வேல்யூ ஃபீ’: கட்டணமா, பிடித்தமா?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய பொருள்களை இணைய ஏலத்தில் விற்பவரிடம் தளம் எடுத்துக்கொள்ளும் ‘ஃபைனல் வேல்யூ ஃபீ’ என்ற தொகைக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவின் இந்த உரையாடல் இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: ‘இறுதி மதிப்புக் கட்டணம்’, ‘ஏலத் தரகு’, ‘விற்பனைக் கழிவு’. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘விற்பனைப் பிடித்தம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘இறுதி மதிப்பு’. மதிப்பு என்பது அடகுக்கடையில் நகையை உரசிப் பார்ப்பவர் சொல்வது. ஏலத்தில் கேட்டு முடிந்த தொகை மதிப்பு அன்று, விலை. அதற்கு நம்மிடம் அருமையான வழக்கு இருக்கிறது: விலை படிந்தது, படியவில்லை என்கிறோம். ஆகவே ‘ஃபைனல் வேல்யூ’ என்பதற்குப் ‘படிந்த விலை’ என்றே சொல்லிவிடலாம். ஆனால், ‘படிந்த விலைக் கட்டணம்’ என்று நான் முன்மொழியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலப் பெயர் என்ன சொன்னாலும், ஈபே என்ற இணைய ஏலத்தளம் அமெரிக்காவில் இந்தத் தொகையைப் படிந்த விலையின் மீது மட்டும் கணக்கிடுவதில்லை. வாங்குபவர் கொடுக்கும் அஞ்சல் செலவையும் மாநில விற்பனை வரியையும் சேர்த்த மொத்தத்தின் மீது கணக்கிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய கேமரா ஒன்று 100 டாலருக்குப் படிகிறது. அஞ்சல் செலவு 12 டாலர், வரி 7 டாலர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 119 டாலர். வீதம் 13.25 விழுக்காடு, அதன் மேல் ஓர் ஆர்டருக்கு 40 சென்ட் என்று கொண்டால், தளம் எடுப்பது 16.17 டாலர். வரி அரசுக்குப் போய்விடுகிறது. 12 டாலர் அஞ்சலுக்குப் போய்விடுகிறது. விற்றவர் கைக்கு வருவது 83 டாலர் 83 சென்ட். தன் கைக்கு ஒருபோதும் வராத வரிப்பணத்தின் மீதும் அவர் 13.25 விழுக்காடு கொடுத்திருக்கிறார். ‘படிந்த விலை’ என்ற அடைமொழியை நாம் சேர்த்தால், ஆங்கிலப் பெயர் செய்யும் அதே மறைப்பைத் தமிழிலும் செய்தவர்களாவோம்.

அடுத்தது ‘தரகு’. தரகர் என்பவர் இரு பக்கமும் பேசுபவர், ஆள் தேடுபவர், மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலையை இழுப்பவர். இணைய ஏலத்தில் அந்த வேலைகளில் பெரும்பகுதி விற்பவர் தலையில்தான் விழுகிறது. நியூ ஜெர்சியில் இருந்த காலத்தில் ஒரு ஃபிலிம் கேமராவை விற்றேன். சன்னல் வெளிச்சத்தில் பன்னிரண்டு படம் எடுத்து, லென்ஸின் கீறலைத் தனியாகக் காட்டி, விவரம் எழுதி, வாங்க விரும்பியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சமையலறைத் தராசில் எடை பார்த்து, குமிழித்தாள் சுற்றி, பெட்டிக்கு டேப் ஒட்டி அஞ்சலகத்தில் சேர்ப்பதற்குள் ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று. தளம் சந்தையைத் திறந்து வைத்தது, பணத்தை வாங்கிக் கொடுத்தது. அது சிறிய உதவி அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதைத் தரகு என்றால், துண்டுக்குள் கை விட்டவர் கோபித்துக்கொள்வார்.

‘கழிவு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர்களுக்கு அது தள்ளுபடி. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் குப்பை.

இனி முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் ‘ஃபீ’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு செலவுகளைக் குறிக்கிறது. ஒன்று, பொருளைத் தளத்தில் இடுவதற்கான ‘இன்சர்ஷன் ஃபீ’. ஈபேயில் தனியாக ஸ்டோர் வைத்திராதவர்களுக்கு மாதம் 250 இடுகைகள் வரை அது இலவசம். அதைத் தாண்டினால், பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். மற்றொன்று, விற்றால் மட்டும், விற்ற பணத்திலிருந்து எடுக்கப்படுவது. முன்னதற்குக் ‘கட்டணம்’ சரி. நுழைவுக்கட்டணம் போல, உள்ளே என்ன நடந்தாலும் கட்டியது கட்டியதுதான். பின்னதற்குச் சம்பளப் பட்டியலில் நாள்தோறும் புழங்கும் ‘பிடித்தம்’ என்ற சொல் காத்திருக்கிறது. ஆகவே ‘இடுகட்டணம்’, ‘விற்பனைப் பிடித்தம்’ என்று இரண்டாகப் பிரித்துவிட்டால், எது விற்காவிட்டாலும் போகும், எது விற்றால் மட்டும் போகும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு வரக்கூடும்: ஈபே தொடக்கத்திலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். முன்பெல்லாம் வாங்கியவரின் பணம், இணையவழிப் பணம் செலுத்தும் சேவையான பேபாலில் விற்றவர் வைத்திருக்கும் கணக்குக்கு வரும். பேபால் தன் பங்கை அங்கேயே எடுத்துக்கொள்ளும். ஈபேயின் பில் மாதக் கடைசியில் தனியாக வரும். அப்போது ‘கட்டணம்’ என்றிருந்தால் பொருந்தியிருக்கும். 2002இல் ஈபே வாங்கிய பேபால் 2015இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2018 முதல் படிப்படியாக ஈபே பணத்தைத் தானே கையாளத் தொடங்கியபின், தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் விற்றவரின் வங்கிக்கு அனுப்புகிறது. நடைமுறை மாறிவிட்டது, நாம் இன்று வைக்கும் பெயர் இன்றைய நடைமுறைக்குப் பொருந்தினால் போதும்.

பிரிட்டனை வைத்தும் இந்தப் பிரிவினையைச் சோதித்துப் பார்த்தேன். அங்கே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளர்களுக்குப் பெரும்பாலான பொருள்களில் இந்தத் தொகையை ஈபே நீக்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வாங்குபவரிடம் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் ஒரு தொகையை விலையோடு சேர்த்து வாங்கத் தொடங்கியது. செலவு மறையவில்லை, மேசையின் அந்தப் பக்கம் நகர்ந்தது, அவ்வளவே. கிறிஸ்டீஸ், சதபீஸ் என்ற பெரிய ஏல நிறுவனங்கள் 1975இல் லண்டனில் வாங்குபவர் மீது கூடுதல் தொகை சுமத்தத் தொடங்கியதன் இணைய வடிவம் என்று இதைச் சொல்லலாம். இங்கே யாருடைய பணத்திலிருந்தும் எதுவும் பிடிக்கப்படவில்லை. வாங்குபவர் விலைக்கு மேல் கட்டுகிறார். எனவே ‘வாங்குநர் கட்டணம்’ என்போம். கட்டணம், பிடித்தம் என்ற பிரிவினை இங்கும் நிற்கிறது.

‘ஏலம்’ இருக்கும் சொற்றொடரில் தூய தமிழ் பார்ப்பது எதற்கு என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். ஏலமே போர்த்துக்கீசிய ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து வந்தது என்பர். சாவியும் அலமாரியும் வந்த அதே கப்பல்தான். தூய்மை என் கவலை இல்லை. ‘ஃபீ’ என்று தமிழில் எழுதினாலும் மேற்சொன்ன இரண்டும் கலந்துதான் போகும். அதுதான் என் கவலை.

ஏலத்துக்கு மாற்றான வழிகளின் பெயர்களையும் இதே பதிவில் முடித்துவிடலாம். கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற வரி விளம்பரத் தளங்களில் வீட்டுப் பொருளுக்குப் பெரும்பாலும் இடுகட்டணமும் இல்லை, பிடித்தமும் இல்லை. வாங்குபவர் வீட்டு வாசலுக்கு வந்து, காசைக் கொடுத்துவிட்டு, சோபாவைத் தூக்கிக்கொண்டு போகிறார். இதற்கு ‘நேர்விற்பனை’ போதும். வீட்டு முற்றத்தில் பழைய பொருள்களைப் பரப்பி விற்கும் ‘யார்ட் சேல்’ என்பதற்கு ‘முற்ற விற்பனை’ என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என நம்புகிறேன். 2003இல் அரிசோனாவின் டூசான் நகரில் தொடங்கிய, வேண்டாத பொருளை வேண்டியவருக்குக் கொடுக்கும் ஃபிரீசைக்கிள் என்ற அமைப்பில் விலையே கிடையாது. அதைக் ‘கொடைப் பகிர்வு’ என்னலாம்.

எனக்குத் தீராமல் நிற்பது ‘கன்சைன்மென்ட்’ ஒன்றுதான். பொருளைக் கடையில் விட்டு வருகிறோம். விற்கும்வரை அது நம்முடையதே. விற்றபின் கடைக்காரர் தன் பங்கை, பல இடங்களில் பாதிவரைகூட, பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். ‘ஒப்படைப்பு விற்பனை’ என்று எழுதிப் பார்த்தேன். அலுவலகக் கோப்பின் வாடை அடிக்கிறது. காய்கறிக் கமிஷன் மண்டியில் விவசாயி மூட்டையை இறக்கிவிட்டுப் போவதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அப்படி இறக்கிப் போன சரக்குக்கு மண்டிக் கணக்குப்பிள்ளைகள் தனிப் பெயர் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். குழுவில் மண்டித் தொழில் அறிந்தவர்கள் இருந்தால் அந்தச் சொல்லை எழுதுங்கள். அதுவரை அந்த இடத்தை வெற்றிடமாகவே விடுவோம்.

அன்புடன்.